தாடி வளர்க்காத மாதங்கள்

எங்கள் தெருவில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் அநாகரிகம். பார்த்துத் தெரிந்துகொள்வதோடு சரி. யார் வீட்டுக்கு வாழைத்தண்டு போகிறது, யார் வீட்டு வாசலில் கோலம் இல்லை, யார் வீட்டு மாப்பிள்ளை மட்டும் தனியாக வந்து இறங்குகிறார் என்று பார்த்துவிட்டு, மிச்சத்தை நாங்களே முடிவு செய்துகொள்வோம். பெரும்பாலும் தப்பாகத்தான் முடிவு செய்வோம். அதற்காக யாரும் பார்ப்பதை நிறுத்தியது கிடையாது.

இப்படிப்பட்ட தெருவில், சின்ன காஞ்சிபுரத்தில், 1996 ஐப்பசியில் ஒரு காலை எதிர் வீட்டு சம்பத்குமார் முகத்தில் அங்கங்கே செய்தித்தாள் துணுக்குகளை ஒட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். துணுக்குகளின் நடுவில் ரத்தப் பொட்டு. நெற்றியில் திருமண் பளிச்சென்று நேராக இருந்தது. அதற்குக் கீழே எல்லாமே கோணல். ஒரு பக்கக் கிருதா காதின் நடுவில் நின்றது, மறு பக்கக் கிருதா காதுக்கு மேலேயே காணாமல் போயிருந்தது.

"தானே சவரம் பண்ணிண்டிருக்கார்" என்றாள் என் மனைவி, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சம்பத்குமாருக்கு அப்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஏனாத்தூரில் ஒரு கல்லூரியின் நூலகத்தில் உதவியாளர். வீட்டில் அவர், அவருடைய அம்மா அலமு மாமி, மனைவி வைதேஹி. சந்தேகம் அந்த வீட்டுப் பரம்பரைச் சொத்து. மாமி பால்காரர் எதிரிலேயே பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். பிள்ளையோ கோயிலுக்குப் போனால் செருப்பை ஜோடியாக விடமாட்டார். ஒன்றைக் கோபுரத்துக்கு இந்தப் பக்கம், மற்றதை அந்தப் பக்கம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதர். அப்படிப்பட்டவர், மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே ஒருவரை நம்பித்தான் கழுத்தை நீட்டியிருந்தார். அவர் தெருமுனை சலூன்காரர் காசிநாதன். திடீரென்று அவரையும் விட்டுவிட்டு இவரே கத்தி எடுத்தால் தெரு சும்மா இருக்குமா?

ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அந்த வருஷம் பஸ் ஸ்டாண்டில் எய்ட்ஸ் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், சலூனில் புது ப்ளேடு போடச் சொல்லிக் கேளுங்கள் என்று. அதைப் பார்த்து மிரண்டுவிட்டார் என்றேன் நான். காசிநாதனோடு ஏதோ மனஸ்தாபம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். என் மனைவி மட்டும் தலையை ஆட்டினாள். "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு ஒரு ஆம்பிளைக்குத் தினம் தினம் கண்ணாடி எதுக்கு? ஏனாத்தூர்ல என்ன இருக்குன்னு யார் கண்டா?" என்றாள்.

ஏனாத்தூரில் வயலும் கல்லூரியும்தான் இருந்தன. விஷயம் அவர் வீட்டிலேயே இருந்தது. எங்களுக்கு அது வெகுநாள் கழித்து, சம்பத்குமாரே சொல்லித்தான் தெரியவந்தது.

மனைவி முழுகாமல் இருந்தால் புருஷன் சவரம் செய்துகொள்ளக் கூடாது. குழந்தை பிறக்கும்வரை தாடி வளரும். தீட்சை என்று அதற்குப் பெயர். இப்போது எல்லாரும் பார்ப்பதில்லை, ஆனால் எங்கள் தெருவில் அன்றைக்குப் பார்த்தார்கள். ஒருவன் முகத்தில் ஒரு வாரத் தாடி இருந்தால் போதும், அவன் மனைவியைப் பெண்கள் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை.

வைதேஹிக்கு அதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. முதல் தடவை வெளியே தெரிவதற்குள்ளேயே போய்விட்டது. இரண்டாவது தடவை சம்பத்குமார் முறைப்படி தாடி வளர்த்தார். அலமு மாமியும் சந்தோஷம் தாங்காமல், பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார். பிறகு ஒரு நாள் வைதேஹி கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அதற்கப்புறம் தாடிக்கு வேலை இல்லையே. சம்பத்குமார் காசிநாதனிடம் போய் உட்கார்ந்து வழித்துக்கொண்டு வந்தார்.

இந்தத் தடவை மூன்றாவதாக உண்டானது உறுதியானதும் வைதேஹி அவரை பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துப் படியில் உட்காரவைத்துப் பேசினாள். வீட்டில் பேச இடமில்லை, மாமிக்குப் பாம்புச் செவி.

"போன தடவை நீங்க தாடியை எடுத்துண்டு வந்தேளே, அன்னிக்கு நான் வாசல்ல நின்னுண்டிருந்தேன்" என்றாள். "உங்களைப் பார்த்த அத்தனை பேரும் உடனே திரும்பி என்னைப் பார்த்தா. நான் ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை. உங்க மூஞ்சியே சொல்லிடுத்து. அப்பறம் ஒவ்வொருத்தரா வந்து, ஒண்ணும் கேக்காம, எப்படி ஆச்சு, எப்போ ஆச்சுன்னு நானே சொல்லட்டும்னு உட்கார்ந்தா. ஒவ்வொருத்தருக்கா நான் சொன்னேன். இன்னொரு தடவை என்னால அப்படி நிக்க முடியாது."

"அம்மாகிட்டயாவது சொல்லலாமே" என்றார்.

"அம்மாகிட்ட சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி. கெட்ட எண்ணம் கிடையாது. சந்தோஷத்துலயே சொல்லிடுவா. வயிறு தானா வெளில தெரியட்டும். அது வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியப்படாது. நீங்க தாடி வளர்க்கப்படாது."

சம்பத்குமார் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். தாடி வளர்த்தால் பெண்டாட்டிக்குத் துரோகம். சவரம் செய்தால், அவர் வளர்ந்த வளர்ப்பில், பிறக்கப்போகிற குழந்தைக்கே ஆகாது. அப்புறம் காசிநாதன் முகத்தை எப்படிப் பார்ப்பது? இந்த நிலையை மறைத்து அவரிடம் போய் உட்காருவது பெரிய தப்பு என்றே அவருக்குத் தோன்றியது. யோசித்து யோசித்து ஒரு சந்து கண்டுபிடித்தார். சாஸ்திரம் சொல்லுகிற சவரம் நாவிதர் கையால் நடப்பது. தானே தன் முகத்தைத் தேய்த்துக்கொள்வது அதில் சேராது, நகம் வெட்டிக்கொள்கிற மாதிரி. இது சாஸ்திரத்தில் எங்கேயும் இல்லை. அவருக்கே அது தெரியும். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டார், பிடித்துக்கொள்ள வேறு ஏது?

ரேஸரை இந்தப் பக்கம் வாங்கினால் தெரிந்துவிடும் என்று பெரிய காஞ்சிபுரத்தில் முன்பின் தெரியாத கடையில் வாங்கினார். கடைக்காரர் ப்ளாஸ்டிக் ரேஸரை எடுத்துக் காட்டி, போட்டுவிட்டுத் தூக்கி எறிந்துவிடலாம் என்றார். தூக்கி எறிந்தால் மறுபடி மறுபடி கடைக்கு வரவேண்டும். அதோடு, தூக்கி எறிகிற சாமான் கழுத்துப் பக்கம் வருவதை அவர் நம்பவில்லை. இரும்பு மாதிரி கனமாக இருந்த பழைய மாடல் ரேஸரைக் கேட்டு வாங்கினார். கைப்பிடி, அதன் மேல் பல் வைத்த ஒரு தகடு, அதற்கு மேல் வளைந்த மூடி. நடுவில் ப்ளேடு. "யாருக்கு சார்?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "அக்கா பிள்ளைக்கு" என்றார். அவருக்கு அக்காவே கிடையாது.

முதல் நாள் கொல்லையில் கிணற்றடித் தூணில் கண்ணாடியை மாட்டினார். பெட்டியோடு வந்த காகிதத்தில் படம் போட்டிருந்தது. படத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான், அதிலேயே இவருக்குச் சந்தேகம். மூடியைக் கவிழ்த்துப் போட்டு, ப்ளேடைத் தகட்டுக்கு அடியில் வைத்து, திருகினால் திருகு ஏறவில்லை. மறுபடி பிரித்து, விரலில் வெட்டிக்கொண்டு, சரியாக மாட்டினார். சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு, பாத்திரத்து அடிப்பிடியைச் சுரண்டுகிறவர்போல் அழுத்தி ஒரு இழுப்பு. எரிந்தது. முடி போகவில்லை, தோல்தான் போனது. கீழ்த்தாடையில் இன்னொரு இழுப்பு. நுரை சிவப்பாயிற்று.

வலி அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ரத்தம்தான் பயமுறுத்தியது. இந்த நேரத்தில் இந்த வீட்டில் ரத்தம் பார்க்கலாமா? படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டே, "பெருமாளே, இது என் கணக்கில் இருக்கட்டும், அவள் கணக்கில் வேண்டாம்" என்று கும்பிட்டாராம். உள்ளே வைதேஹி சாதாரணமாக நடந்து போகிற சத்தம் கேட்ட பிறகுதான் மறு கன்னத்துக்கு ரேஸரைக் கொண்டுபோனார்.

இவ்வளவு பெரிய விதியை மீறினவர், சின்ன விதிகளை விடவில்லை. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, ஏகாதசி அன்றைக்கு ரேஸரைத் தொடமாட்டார். அந்த நாட்களில் முளைக்கிற முள்ளுத் தாடியைப் பார்த்து நாங்கள் ஒன்று நினைப்போம். மறுநாள் வழவழவென்று வந்ததும் அதை வாபஸ் வாங்கிக்கொள்வோம்.

முகம் ஆறாமலேயே இருந்தது. கல்லூரியில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஏனாத்தூர்க்காரர் இளவரசன் ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், பூனையாண்ட மாட்டிக்கினீங்களா?"

"புதுசா ரேஸர் பழகறேன்பா. வரமாட்டேங்கறது."

"அழுத்துறீங்க சார். அது எடை அதுக்கே போதும். சும்மா புடிச்சிக்கினு இருந்தா தானா எறங்கும். மேலேர்ந்து கீழ இழுங்க, எதிர்ப்பக்கம் போவாதீங்க. சூடு தண்ணி நல்லா போட்டு ஊற வச்சிட்டு அப்பால ஆரம்பிங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, இந்த வயசுல இன்னாத்துக்கு சார் திடீர்னு? வூட்ல தெரியுமா?" என்றார்.

சம்பத்குமார் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஆனால் மறுநாள் வெந்நீர் வைத்துக்கொண்டார், அழுத்தாமல் இழுத்தார். முதல் முறையாக முடி மட்டும் போய், தோல் இருந்த இடத்திலேயே இருந்தது. கார்த்திகை முடிவதற்குள் கை பழகிவிட்டது. கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடிக்கவும், தொண்டைக் குமிழ்மேல் போகும்போது எச்சிலை விழுங்கிக்கொண்டு நிறுத்தவும் தெரிந்துகொண்டார்.

முகம் வழவழப்பானதும் காசிநாதனுக்குச் சந்தேகம் முற்றியது. கீறல் இருந்தவரைக்கும் சாமி தானாக ஏதோ விளையாடுகிறார் என்று விட்டிருந்தார். இப்போது வேறு கடைக்குப் போகிறார் என்று நினைத்துவிட்டார். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவரை வழியில் மறித்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நோட்டீஸப் பாத்துட்டுதான நம்ம கடைக்கு வரல? நான் ஒவ்வொருத்தருக்கும் புதுசு போடறேன். வந்து பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருங்க. நீங்களே வரலைன்னா மத்தவங்க இன்னா நெனப்பாங்க? ஏற்கெனவே ரெண்டு மூணு பேரு வரது நின்னு பூட்ச்சி."

"அதெல்லாம் இல்லை காசிநாதா. தோல்ல அலர்ஜி. இன்னொருத்தர் கை படப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"தலைமுடி காதுமேல வழிஞ்சிக்கினு கீது. அதுக்குமா அலர்ஜி?"

சம்பத்குமார் கோயில் பக்கம் வேகமாக நடந்தார். ஒரு நல்ல மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறோமே என்று அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியதாம். சலூனில் சொன்ன ரகசியம் என்ன கதியாகும் என்பதும் அவருக்குத் தெரிந்ததால் சொல்லவில்லை.

இதெல்லாம் வெளிச் சந்தேகம். சமாளித்துவிடலாம். வீட்டுக்குள் அலமு மாமி இருந்தாரே.

மருமகள் உண்டாயிருக்கிறாளா என்ற சந்தேகம் மாமிக்கு வராமல் இல்லை. கடுகு தாளிக்கிற வாசனைக்கு வைதேஹி மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடியதைப் பார்த்தார். மாவடு ஜாடி சீக்கிரம் காலியானதையும் பார்த்தார். ஆனால் வைதேஹி கெட்டிக்காரி. அந்த வீட்டில் மாதவிலக்கு மூன்று நாளும் பெண்கள் பின்கட்டு அறையில் ஒதுங்கி உட்காரவேண்டும். அவள் உண்டான பிறகும், மாதம் தவறாமல், தேதி பார்த்துப் பொய்யாக ஒதுங்கினாள். தட்டு தனி, பாய் தனி, நாலாம் நாள் தலைக்குக் குளியல். ஒன்றும் விடவில்லை. இதில் அவளுக்கு மூன்று நாள் ஓய்வும் கிடைத்தது.

அதையும் மாமி முழுக்க நம்பியிருக்கமாட்டார். கடைசியில் நம்பவைத்தது பிள்ளையின் ரேஸர்தான். "பொண்ணுங்க ஆயிரம் நடிப்பா" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். "ஆனா எம் பிள்ளை தீட்சைல கத்தி வெச்சுக்க மாட்டான். அமாவாசைக்கே தொடாதவன். அவன் வழிச்சுக்கறான்னா அவ வயித்துல ஒண்ணும் இல்லை." சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பேரக் குழந்தைக்காக அந்த மனுஷி ஏங்கியது தெருவுக்கே தெரியும். சம்பத்குமார் கன்னத்திலிருந்து நுரையை வழிக்கிற ஒவ்வொரு காலையும் அவர் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருக்கிறார்.

மார்கழி பிறந்ததும் மாமி என் மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திருமுக்கூடலுக்குப் பஸ் ஏறினார். பெருமாள் சேவிக்க என்று வீட்டில் சொல்லியிருந்தார். சேவித்தது வாஸ்தவம். அதற்கப்புறம் போனது, பிள்ளை இல்லாதவர்களுக்கு மருந்து கொடுக்கிற மணியம்மாள் என்பவள் வீட்டுக்கு. அவள் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு புட்டியில் கறுப்பாகக் கஷாயம் ஊற்றிக் கொடுத்தாள்.

"மருமவ தலைக்குக் குளிச்ச மறுநாளு வெறும் வயித்துல குடுங்கம்மா. வவுறு நல்லா போவும், பயப்படாதீங்க. உள்ள கீறத எல்லாத்தையும் அடிச்சிக்கினு போயிடும். அப்பால உண்டானா கெட்டியா தங்கும்."

மாமி வைதேஹியிடம் இதைச் சொல்லவில்லை. முன்னே ஒரு தடவை கொடுத்த பச்சிலை உருண்டையை அவள் துளசி மாடத்தில் புதைத்ததை மாமி கண்டுபிடித்திருந்தார். இவளிடம் சொன்னால் குடிக்கமாட்டாள், காப்பியில் கலந்து கொடுத்துவிடவேண்டியதுதான் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டார். என் மனைவியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் நல்ல காரியம்தானே என்று என்னிடம்கூட மூச்சுவிடவில்லை. ஊர் விஷயமெல்லாம் அரை நாளில் தெரிந்துகொள்கிற வீடு இது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சத்தியத்தைக் காப்பாற்றினாள்.

அந்த மாதமும் வைதேஹி பொய்யாக ஒதுங்கினாள், பொய்யாகக் குளித்தாள். மறுநாள் காலை. பெருமாள் கோயிலில் திருப்பாவை முடிந்து எல்லாரும் திரும்பியிருந்தார்கள். சம்பத்குமார் வெந்நீரோடு கிணற்றடிக்குப் போனார். ஒரு கன்னத்தை முடித்துவிட்டார். மறு கன்னத்துக்காக முகத்தைத் திருப்பியபோது, கண்ணாடியில் அவர் தோளுக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் தெரிந்தது. அது தினமும் தெரிவதுதான். அம்மா இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். அதுவும் தினமும் நடப்பதுதான்.

அம்மா வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கொல்லைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு புட்டியை எடுத்து, ஒரே ஒரு டம்ளரில் மட்டும் ஊற்றினார்.

பூட்டை இழுத்துப் பார்த்தே வாழ்ந்த மனிதர் அவர். வாழ்க்கை முழுக்க எதையெதையோ சந்தேகப்பட்டிருக்கிறார். பெற்ற தாயைச் சந்தேகப்பட்டது கிடையாது. கை அப்படியே நின்றது. கண்ணாடியில் அம்மா சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்குவது தெரிந்தது. வைதேஹி ஈரத் தலையில் துண்டோடு வருவது தெரிந்தது. அம்மா அந்த டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுப்பதும் தெரிந்தது.

"குடிக்காதே!"

அந்தச் சத்தம் எதிர்ச்சாரி முழுக்கக் கேட்டது. எங்கள் வீட்டில் நான் பேப்பரைக் கீழே போட்டேன். தொடர்ந்து டம்ளர் விழுந்து உருளுகிற சத்தம்.

ஓடிவந்த வேகத்தில் ரேஸர் தாடையில் பட்டு அவருக்கு ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது, மறு கன்னம் முழுக்க நுரை. வைதேஹியின் கையைத் தட்டிவிட்டிருந்தார். காப்பி சுவரிலும் தரையிலும் தெறித்திருந்தது.

"என்ன கலந்தே அதுல? சொல்லும்மா, என்ன கலந்தே?"

"மருந்துடா" என்றார் மாமி மிரண்டுபோய். "திருமுக்கூடல்லேர்ந்து வாங்கிண்டு வந்தேன். விஷமா கலந்தேன்? உங்களுக்கு ஒரு குழந்தை தங்கட்டுமேன்னுதானே…"

"தங்கியிருக்கும்மா! நாலு மாசம் ஆச்சு!"

மாமிக்கு முதலில் புரியவில்லை. பிள்ளையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். வைதேஹி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒண்டி நின்றாள். ஒரு வாய் குடித்துவிட்டாளா என்று சம்பத்குமார் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். உதட்டில்கூடப் படவில்லை என்றாள்.

மாமி தரையில் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்ததையே பார்த்தார்.

"உள்ள இருக்கறதை எல்லாத்தையும் அடிச்சுண்டு போயிடும்னாளேடா அவ" என்றார். சொல்லிக்கொண்டே மேடையைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டார். "என் கையாலயே… சர்க்கரை வேற போட்டேனே…"

யாரும் அவரைத் தூக்கவில்லை. யாருக்கும் தெம்பில்லை. தரையில் இருந்தபடியே மருமகளைப் பார்த்து, "ஏண்டி எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார்.

"பயமா இருந்தது மா."

"எங்கிட்டயா?"

வைதேஹி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குத்தான் மாமி வாய்விட்டு அழுதார். "ஊருக்கெல்லாம் சொன்னேன். ஆமா, சொன்னேன். எனக்கு சந்தோஷமா இருந்தது, சொல்லிட்டேன். அதுக்காக என்னை இப்படி விட்டுட்டேளே. நான் தினம் இவன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு செத்துண்டிருந்தேனே."

சம்பத்குமாரும் அழுதுகொண்டிருந்தார். நுரை கரைந்து கழுத்தில் வழிந்தது. "தப்பு என் மேலதான். இனிமே கத்தியைத் தொடலை. இன்னிக்கே தாடியை விட்டுடறேன். யாருக்குத் தெரிஞ்சாலும் தெரியட்டும்" என்றார். மனசாரச் சொன்னார். அந்தச் சுமையை இறக்கிவைக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

மாமி மூக்கைச் சிந்திக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாதி மூஞ்சியோடயா? வாசலுக்குப் போனா எதிர் வீட்டுக்காரி ஜன்னல்லதான் நின்னுண்டிருப்பா. போ, மீதியையும் எடு."

"அம்மா, தீட்சை…"

"எனக்குத் தெரியாத தீட்சையா? அவளுக்கு யாருக்கும் தெரியப்படாதுன்னு இருக்கு. வயிறு தானா தெரியற வரைக்கும் வழிச்சுண்டே இரு. பாவம் வந்தா எனக்கு வரட்டும். நான்தான் சொன்னேன்னு பெருமாள்கிட்ட சொல்லிடு."

சம்பத்குமார் மறுபடி ரேஸரை எடுத்தார். மாமியே தூணிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, மகன் முகத்துக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி ஒரு இடத்தில் நிற்கவில்லை. எப்படியோ மறு கன்னமும் முடிந்தது.

அன்று மத்தியானம் என் மனைவி, என்ன சத்தம் என்று விசாரிக்காமல் விசாரிக்கப் போனாள். மாமி வாசலிலேயே மறித்து, "கொதிக்கக் கொதிக்க டம்ளரைக் கொடுத்துட்டேன், அவ கீழ போட்டுட்டா, இவன் கத்தினான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தை பிறந்தபோது வைதேஹி மறுபடியும் மூன்று நாள் ஒதுங்கினாள். அதைத் தெருவுக்கே கேட்கும்படி பால்காரரிடம் சொன்னவர் அலமு மாமி. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, "அந்த மருந்தும் பலிக்கலைடி" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தார். பாவம், என் மனைவி அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

மாசியில் புடவை மறைக்காத அளவுக்கு வயிறு தெரிந்தது. சம்பத்குமார் தாடியை விட்டார். முதல் வேலையாகக் காசிநாதன் கடைக்குப் போய், அத்தனை பேருக்கும் முன்னால் உண்மைக் காரணத்தைச் சொன்னார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அலமு மாமி மட்டும் அதற்கப்புறமும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது மருமகள் பேச்சை எடுத்தால், "இருக்கா" என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

வைகாசியில், கருட சேவையன்று விடியற்காலை, ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஸௌம்யா என்று பிற்பாடு பெயர் வைத்தார்கள். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்ததும் மாமி வாங்கிப் பார்த்தார், கட்டில் அருகே போனார், வைதேஹியின் காதோரம் குனிந்தார்.

"இப்போ சொல்லலாமாடி?" என்று கேட்டார்.

வைதேஹி கண் நிறைய நீரோடு, "சொல்லுங்கோ மா" என்றாள்.

ஊரெல்லாம் கருட சேவைக் கூட்டம். மாமி வந்த ரிக்ஷா தேரடிக்கு மேல் நகரவில்லை. இறங்கி, கூட்டத்தை இடித்துக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். எங்கள் வாசலுக்கு வந்தபோது அவருக்குக் குரல் கம்மிப்போயிருந்தது.